மச்சினன் சட்டையில் ஏறிய பட்டை

என் மச்சினனுக்கு லீடர் பட்டை கிடைத்த அன்று என் வீட்டில் கேசரி கிளறினார்கள். அது யுத்த காலம். சர்க்கரை ரேஷனில்தான் வந்துகொண்டிருந்தது. "சக்கரை தீந்துபோச்சுங்க" என்று சொல்லி என் காலைக் காப்பியில் வெல்லத்தைத் தட்டிப் போட்டுக்கொண்டிருந்த என் மனைவி, அன்றைக்கு மட்டும் அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து ஒரு டப்பாவை எடுத்து அப்படியே கவிழ்த்தாள். அவ்வளவு சர்க்கரை என் வீட்டில் இருந்தது எனக்கு அன்றுதான் தெரியும்.

"தம்பிக்குப் பட்டை குடுத்திருக்காங்க. இனிப்பு பண்ணலன்னா நல்லாவா இருக்கும்?" என்றாள்.

நானும் சாப்பிட்டேன். கேசரி நன்றாகத்தான் இருந்தது. அதனால் இன்னும் கோபம் வந்தது.

இந்த மாதிரி நேரத்தில் வருகிற உணர்ச்சிக்குச் சிலர் ஆதங்கம் என்று பெயர் வைப்பார்கள். மனத்தாங்கல் என்பார்கள். எனக்கு வந்தது பொறாமை. அதற்கு வேட்டி சட்டை போட்டு வேறு பெயர் சொல்லிக் கூட்டிக்கொண்டு வர எனக்கு இஷ்டமில்லை. அவன் சட்டைக் கையில் இருந்த அந்த இரண்டு வெள்ளைப் பட்டை என் சட்டைக் கையில் இருந்திருக்க வேண்டும். அவ்வளவுதான் சங்கதி.

ஜப்பான்காரன் பட்டணத்தில் குண்டு போடப் போகிறான் என்று ஜனங்கள் மூட்டை முடிச்சோடு கிளம்பி உள்ளூர்களுக்கு ஓடி வந்த சமயத்தில் எங்கள் படை ஆரம்பித்தது. போலீசுக்கு ஒத்தாசையாக ஊர்க்காரர்களே சேர்ந்த தொண்டர் படை. சம்பளம் கிடையாது. காக்கிச் சட்டை, அரை டவுசர், பெல்ட், தொப்பி, முழங்காலுக்குக் கீழே சுற்றிக்கொள்ள ஒரு நீளத் துணி, இவ்வளவும் கொடுத்தார்கள். செஞ்சியில் வந்து எவன் குண்டு போடுவான் என்று கேட்டவர்கள் உண்டு. மேலேயிருந்து கோட்டையைப் பார்த்து, உள்ளே ராஜா இருக்கிறார் என்று ஏமாந்து போட்டுவிடுவான் என்று பதில் சொன்னவர்களும் உண்டு. எத்தனையோ பேர் சண்டை போட்டுப் பிடித்து, கடைசியில் ஆடு மேய்க்கிறவர்களிடம் விட்டுவிட்டுப் போன கோட்டை அது.

கடைத்தெருவில் முதலில் பெயர் கொடுத்தவன் நான். எனக்குக் கயிற்றுக் கடை. கயிறு, வாளி, ராட்டினம், சாக்கு எல்லாம் விற்பேன். வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. தொந்தி எனக்கு முன்னால் நடக்கும். அரை டவுசரில் என்னைப் பார்த்த முதல் நாள் என் மனைவி வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள். எனக்கு அதெல்லாம் பெரிதாகப் படவில்லை. கல்லாவில் உட்கார்ந்து "வாங்க, இன்னா வேணும்?" என்று கேட்டே பாதி ஆயுசு போய்விட்டது. காக்கி போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினால் நாலு பேர் ஒதுங்கி வழிவிட்டார்கள். அந்த ருசி பிடித்துப்போயிற்று.

மச்சினனைப் படையில் சேர்த்ததும் நான்தான். அவன் என் மனைவிக்கு நேர் இளையவன். பக்கத்திலிருந்த வல்லத்தில் நிலம், கிணறு, இரண்டு ஜோடி மாடு என்று பயிர் வேலையில் இருந்தவன். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைதான் போடுவான். "ஆள் பத்தல, உங்க பக்கத்துலேர்ந்து யாரயாவது கூட்டிக்கினு வாங்க" என்று பயிற்சி கொடுத்த ஹவில்தார் கேட்டபோது, வேறு யாரும் கிடைக்காமல் இவனைச் சைக்கிளில் வரச் சொன்னேன். நான் சொன்னதால் வந்தான். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோட்டைக்குள்ளே, அந்தக் காலத்து நெற்களஞ்சியத்துக்கு எதிரே இருந்த வெட்டவெளியில் பரேடு. ஹவில்தார் முந்தின யுத்தத்துக்குப் போய்விட்டுப் பென்ஷனில் வந்தவர். மீசையைத் தவிர வேறு சொத்து சேர்க்காதவர். பட்டை வாங்குவதற்கு அவர் வைத்திருந்த பரீட்சை சுலபமானது. கட்டுப்போடத் தெரிய வேண்டும். டோலியில் ஆளைத் தூக்கத் தெரிய வேண்டும். அதற்குப் பிறகு, கூட்டத்தில் நின்று ஆட்களை ஏவத் தெரிய வேண்டும். முதல் இரண்டிலும் நான்தான் முதல். கயிற்றுக் கடைக்காரனுக்கு முடிச்சுப் போட யார் சொல்லித்தர வேண்டும்?

மூன்றாவதில் மாட்டிக்கொண்டேன்.

அமாவாசை என்றால் மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குப் போகிற கூட்டம் முழுக்க எங்கள் கடைத்தெருவில்தான் இறங்கிப் பஸ் மாறும். பெட்ரோல் கிடைக்காத நாளில் பஸ்ஸெல்லாம் கரி கேஸில் ஓடின. பின்னால் ஒரு தகர அடுப்பைக் கட்டிக்கொண்டு, புகை கக்கிக்கொண்டு, ஏற்றம் வந்தால் நின்றுவிடும். அப்படி வருகிற ஒன்றிரண்டு பஸ்ஸில் ஊர்ப்பட்ட ஜனம் ஏற வேண்டும். அந்தக் கூட்டத்தை வரிசையில் நிறுத்தி ஏற்றுவதுதான் பரீட்சை. லீடர் வேலைக்கு நானும் மச்சினனும் நின்றோம். காலையில் என் முறை, மத்தியானம் அவன் முறை.

நான் விசிலை ஊதினேன். நாலு பக்கமும் ஆட்களை நிறுத்தினேன். அதுவரை சரி. அதன் பிறகு வாயைத் திறந்து அதட்ட வேண்டும். எதிரே பார்த்தால் எல்லாம் தெரிந்த முகம். சுற்று வட்டாரத்தில் கிணறு வைத்திருந்தவன் அத்தனை பேரும் என் கடைக்கு வருகிறவன். "அண்ணே, கொஞ்சம் தள்ளி நிக்கறீங்களா?" என்றுதான் வாயிலிருந்து வந்தது.

"அடடே, கயித்துக் கடக்காரரா! அர டவுசர்ல அடையாளமே தெரியல" என்றார் ஒருவர். "மாடு கட்டித் தண்ணி எறைக்கற கவலைக்குக் கயிறு வந்துச்சா?"

"வர்ற வாரம் வந்துடும். உங்களுக்குன்னு எடுத்து வெக்கறேன்" என்றேன். பழக்கதோஷம்.

அதைப் பார்த்து இன்னொருவர் வாளி விலை கேட்டார். அதற்கும் பதில் சொன்னேன். நான் சொல்லி முடிப்பதற்குள் பஸ் வந்து, ஜன்னல் வழியாகவும் கூரை மேலும் ஜனம் ஏறி, ஒரு கோழி என் தோள் மேல் பறந்து உட்கார்ந்து, பஸ்ஸும் கிளம்பிப் போய்விட்டது. என் ஆட்கள் நாலு பக்கமும் நிறுத்தின இடத்திலேயே நின்றிருந்தார்கள். யாராவது ஏதாவது உத்தரவு கொடுத்தால்தானே நகருவார்கள்?

ஹவில்தார் பக்கத்தில் வந்தார். "கடக்காரரே, இது யாவாரம் இல்ல, டூட்டி" என்றார். அதிகம் பேசாத மனிதர் அவ்வளவு பேசியதே எனக்குப் போதுமானதாக இருந்தது.

மத்தியானம் மச்சினன் நின்றான். அவன் விசில்கூட ஊதவில்லை. கிணற்றில் கவலையோட்டும்போது மாட்டை அதட்டுகிற குரலில் "ஏய்!" என்று ஒன்று விட்டான். மலையில் பட்டு அது திரும்பி வந்தது. "கோழி வெச்சிக்கினு இருக்கற அம்மா, பின்னால போ! வெள்ள முண்டாசு, நீ இன்னா மாமியா ஊட்டுக்கா வந்துக்கற? வரிசையில நில்லு!" ஜனம் நின்றது. சும்மா நிற்கவில்லை, சிரித்துக்கொண்டே நின்றது. பெண்பிள்ளைகள் முதலில், கிழவர்கள் அடுத்து, மற்றவர்கள் கடைசியில் என்று பஸ் அமைதியாக நிறைந்து போயிற்று. எனக்குத் தெரிந்து எங்கள் கடைத்தெருவில் அப்படி ஒரு அமாவாசை நடந்ததில்லை.

பட்டை அவனுக்குப் போயிற்று. நியாயம்தான். நியாயம் என்பது தெரிந்ததால் பொறாமை குறையும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அநியாயமாகக் கொடுத்திருந்தால் நாலு பேரிடம் சொல்லி ஆற்றிக்கொள்ளலாம். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. படையின் சட்டப்படி, இனிமேல் நான் அவனுக்குச் சல்யூட் அடிக்க வேண்டும்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அக்கா புருஷன் என்றால் மச்சினனுக்குப் பாதித் தகப்பன், மீதிப் பாதி சாமி. கல்யாணத்தன்று என் காலைக் கழுவி எனக்கு மாலை போட்டவன் இவன். அதற்கு நான் இவன் விரலில் மோதிரம் போட்டேன். அன்றிலிருந்து நான் வல்லத்துக்குப் போனால், கட்டிலில் உட்கார்ந்திருப்பவன் எழுந்து நின்றுவிடுவான். "வாங்க மாமா, உக்காருங்க" என்று துண்டால் தட்டிவிடுவான். நான் உட்கார்ந்து, சொம்புத் தண்ணீர் குடித்து, ஒரு வார்த்தை பேசின பிறகுதான் அவன் கீழே எங்காவது உட்காருவான். கறி சமைத்தால் நல்ல துண்டெல்லாம் என் இலைக்கு வரும். அப்படிப்பட்டவனுக்கு நான் தெருவில் விறைத்து நின்று கையை நெற்றிக்குக் கொண்டு போவதா?

முதல் தடவை என் கடை வாசலிலேயே நடந்தது. அவன் சைக்கிளை விட்டு இறங்கினான். நான் உடுப்பில் இருந்தேன். எதிர்க் கடை, பக்கத்துக் கடை எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு சல்யூட் அடித்தேன்.

அவன் பதறிப்போனான். "ஐயோ, வேணாம் மாமா! இன்னா மாமா நீங்க!" என்று என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினான்.

அவன் திமிராக வாங்கிக்கொண்டு போயிருந்தால் அவனைத் திட்டியிருக்கலாம். அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பான் என்பார்கள். இவன் எப்போது குடையை விரிப்பான், எப்போது கையும் களவுமாக மாட்டுவான் என்று நானும் காத்திருந்து பார்த்தேன். விரிக்கவே இல்லை. பொறாமைப்படுகிறவனுக்கு இதைவிடப் பெரிய தொந்தரவு எதுவுமில்லை.

ஹவில்தார் சொல்லிக்கொடுத்த ஒரு சட்டம் எனக்குக் கைகொடுத்தது. தொப்பி போடாத தலைக்குச் சல்யூட் கிடையாது. தொப்பி இருந்தால்தான் அடிக்க வேண்டும். அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். மச்சினன் தூரத்தில் வருவது தெரிந்தால் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தலையைச் சொறிய ஆரம்பிப்பேன். அவன் வந்து, "மாமா, சாப்டீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போவான். அவன் போனதும் தொப்பியை மாட்டிக்கொள்வேன்.

கடைத்தெருவுக்கு இது தெரியாமல் போகுமா? "கடக்காரருக்கு மச்சானக் கண்டா மண்ட அரிக்குது" என்று ஒருவன் ஆரம்பித்தான். அதன் பிறகு நான் நிஜமாகவே தலையைச் சொறிந்தால்கூட எதிர்க் கடைக்காரன் தெருக்கோடியை எட்டிப் பார்ப்பான்.

இப்படி இருக்கும்போது புரட்டாசியில் ஒரு சேதி வந்தது. மச்சினனுக்குக் கொடுத்தது தற்காலிகப் பட்டை. கடலூரிலிருந்து மேலதிகாரி நேரில் வந்து பார்த்துத்தான் அதை நிலையாக்குவார். அன்றைக்கே துணை லீடராக ஒருவரைப் பொறுக்கி ஒற்றைப் பட்டை கொடுப்பார். துணைக்கு நிற்கிறவன், உட்கார்ந்திருக்கும் லீடர் முன்னால் நடந்து போய்ச் சல்யூட் அடித்து, அனுமதி வாங்கி, அதிகாரி பார்க்க ஆட்களை ஏவிக் காட்ட வேண்டும்.

நான் பெயர் கொடுத்தேன். மச்சினனுக்குக் கீழே துணை லீடராக இருக்கப் பெயர் கொடுத்தேன் என்றால் பட்டை ஆசை எனக்கு எந்த அளவுக்கு இருந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒற்றைப் பட்டையாவது வரட்டும், மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்று கணக்குப் போட்டேன். அதிகாரிக்கு அவனைப் பிடிக்காமல் போனால் இன்னும் நல்லது என்றும் நினைத்தேன்.

"தம்பிகிட்ட நான் ஒரு வார்த்த சொல்லட்டாங்க? அதிகாரிகிட்ட ஒங்களப் பத்தி நல்லதா சொல்லுவான்" என்றாள் மனைவி.

"உன் தம்பி பிச்சை போட்டு நான் வாங்கிக்கணுமா? நான்தான்டி அவனுக்கு டவுசர் மாட்டிவிட்டவன்!" என்று கத்தினேன்.

"இந்தக் கொரல அன்னிக்கு பஸ்ஸாண்ட எடுத்திருந்தா பட்டை ஒங்களுக்கே வந்திருக்கும்" என்று சொல்லிவிட்டு அவள் முறத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

குரல் பழக ஆற்றுப் பக்கம் போனேன். தண்ணீர் இல்லாத மணலில் நின்று, "அட்டென்ஷன்! லெஃப்ட் டர்ன்!" என்று கத்திப் பார்த்தேன். அங்கே எனக்கு நன்றாகவே வந்தது. பக்கத்தில் மேய்ந்த எருமைகள் என் கடையில் எதுவும் வாங்குவதில்லையே.

அந்த ஞாயிற்றுக்கிழமை களஞ்சியத்துக்கு எதிரே புளியமரத்து நிழலில் இரண்டு நாற்காலி போட்டிருந்தார்கள். ஒன்று கடலூர் அதிகாரிக்கு, இன்னொன்று லீடருக்கு. புரட்டாசியில் பொன்னுருகக் காயும் என்பது பொய்யில்லை. காலையிலேயே பாறை கொதித்தது. படை மூன்று வரிசையாக நின்றது. மச்சினன் அணிவகுப்பை ஒப்படைத்தான். அவன் குரலைக் கேட்டு அதிகாரி தலையை ஆட்டினார். "உக்காருப்பா" என்று பக்கத்து நாற்காலியைக் காட்டினார். அவனும் நுனியில் உட்கார்ந்தான்.

ஹவில்தார் என் பெயரைக் கூப்பிட்டார். தொப்பி என் தலையில்தான் இருந்தது. இன்றைக்குத் தலை அரிக்க முடியாது. கையை வீசி நடந்து போனேன். மச்சினன் முன்னால் போய்க் காலைத் தட்டி நின்றேன். கையை நெற்றிக்குக் கொண்டு போனேன்.

நான் நிற்க, அவன் உட்கார்ந்திருக்க, இப்படி ஒரு காட்சி எங்கள் இரண்டு பேர் ஆயுசிலும் நடந்ததில்லை. அவன் முகம் போன போக்கைப் பார்த்தேன். அடுத்த நொடி, தேள் கொட்டினவன் மாதிரி எழுந்துவிட்டான். நாற்காலியை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினான்.

"வாங்க மாமா, உக்காருங்க!"

அவன் செய்தது ஒரு தப்பு என்றால், நான் செய்தது அதைவிடப் பெரிய தப்பு. நான் உட்கார்ந்துவிட்டேன்.

வேண்டுமென்று செய்ததல்ல. கல்யாணமான நாளிலிருந்து அவன் எழுந்து தட்டிவிட்டால் நான் உட்காருவேன். உடம்பு தானாக மடங்கிற்று. லீடர் நாற்காலியில், அதிகாரிக்குப் பக்கத்தில், கையை நெற்றியிலிருந்து எடுக்கக்கூட மறந்து நான் உட்கார்ந்திருந்தேன். இரண்டு பட்டை போட்ட லீடர் எனக்கு எதிரே கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அப்புறம் பின் வரிசையில் ஒருவன் குபீரென்று சிரித்தான். அது அப்படியே முன்னால் பரவிற்று. ஹவில்தார் மட்டும் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் துள்ளி எழுந்தேன். அதிகாரி என்னைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். "இங்க யாரப்பா லீடர்?" என்றார்.

"நான்தானுங்க" என்றான் மச்சினன்.

"இவர்?"

"எங்க அக்கா வூட்டுக்காரருங்க."

"டூட்டியில இவர் தப்புப் பண்ணினா உன்னால அதட்ட முடியுமா?"

மச்சினன் யோசிக்கவே இல்லை. "முடியாதுங்க" என்றான். சொன்னதில் அவனுக்கு வெட்கம் ஒன்றும் இருக்கவில்லை. சொல்லப்போனால் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

"அப்போ இவர் இருக்கற செக்ஷனுக்கு நீ லீடரா இருக்க முடியாதே. உனக்குப் பட்டை வேணும்னா இவரைப் படையிலேர்ந்து அனுப்பிடறேன். என்ன சொல்றே?"

கடைத்தெரு முழுக்கப் பார்க்க டவுசரைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

"ஐயோ, வேணாங்க. மாமா இருக்கட்டும்" என்றான் மச்சினன். எல்லோருக்கும் கேட்கும்படி, அந்தப் பஸ் கூட்டத்துக் குரலில்தான் சொன்னான். அவனுக்கு வேறு குரல் கிடையாது. "மாமாவுக்குத்தானுங்க இதுல ஆச. ராவும் பகலும் இதே நெனப்பா இருக்கறாருன்னு அக்கா சொல்லுது. எனக்கு மல்லாட்ட புடுங்கற வேல தலைக்கு மேல கெடக்குது. பட்டைய அவருக்கே குடுத்துடுங்க."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. எல்லோரும் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு இரக்கம் தெரிந்தது.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "நீர் இவனுக்கு உத்தரவு போடுவீரா?"

மச்சினனைப் பார்த்தேன். அத்தனை நாள் வயிற்றில் எரிந்தது முழுக்கத் தொண்டைக்கு வந்துவிட்டது. "அட்டென்ஷன்!" என்று ஒரு சத்தம் போட்டேன் பாருங்கள், புளியமரத்துக் காக்கையெல்லாம் கிளம்பிற்று. மச்சினன் விறைத்து நின்றான். மூன்று வரிசையும் விறைத்தது. "அபௌட் டர்ன்! குயிக் மார்ச்!" அவன் திரும்பி நடந்தான், எல்லோரும் நடந்தார்கள். ஊரில் வேறு யாரையும் அதட்ட வராத எனக்கு மச்சினனை அதட்டுவதற்கு மட்டும் பயிற்சியே தேவைப்படவில்லை. ஹவில்தார் இப்போதுதான் மலையிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார்.

அதிகாரிக்குப் பரம திருப்தி. ஒற்றைப் பட்டைக்கு நின்றவனுக்கு இரண்டு பட்டை கிடைத்தது.

என் மனைவி அன்று சாயங்காலம் தம்பி சட்டையிலிருந்து பட்டையைப் பிரித்து என் சட்டையில் தைத்தாள். நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்துவிட்டு, "இந்தாங்க" என்றாள். கோபமா என்று கேட்டேன். "எனக்கு இன்னா கோவம்? அவனுக்கே இல்ல" என்றாள்.

எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு சல்யூட். மற்றவர்கள் அடித்தார்கள், வாங்கிக்கொண்டேன். மச்சினன் அடிக்க வேண்டும். நான் பல்லைக் கடித்துக்கொண்டு அடித்ததற்கு ஈடாக அவன் ஒன்று அடிக்க வேண்டும், நான் அதைத் தாராளமாக வாங்கிக்கொள்ள வேண்டும். அப்போதுதான் இது முடியும் என்று தோன்றிற்று. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. மல்லாட்டை பிடுங்கிக்கொண்டிருக்கிறான் என்றார்கள்.

பொறுக்க முடியவில்லை. ஒரு நாள் கடையை அடைத்துவிட்டு, முழு உடுப்பும் மாட்டிக்கொண்டு, நல்ல வெயிலில் வல்லத்துக்குச் சைக்கிள் மிதித்தேன். ஏன் பரேடுக்கு வரவில்லை என்று லீடர் விசாரிக்கப் போகலாம், அதில் தப்பில்லை என்று வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அவன் கொல்லையில், மல்லாட்டை நிலத்தில் இருந்தான். கோவணமும் உடம்பெல்லாம் செம்மண்ணுமாகச் செடியைப் பிடுங்கி உதறிக் குவித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்து, முகமெல்லாம் பல்லாகி, "வாங்க மாமா! அக்கா நல்லா இருக்குதா? இன்னா இந்த வெயில்ல இத்தினி துணி சுத்திக்கினு வந்துக்கறீங்க?" என்றான். வரப்பில் ஒரு சாக்கை விரித்தான். ஒரு கொத்துக் காயை உதறி என் கையில் கொடுத்தான். "இந்த வாட்டி காய் நல்லா புடிச்சிருக்குது மாமா. தின்னு பாருங்க."

பட்டையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஒருவேளை கண்ணில் படவில்லையோ என்று நினைத்தேன். காயை உரித்துக்கொண்டே இடது கையைக் கொஞ்சம் முன்னால் கொண்டு வந்தேன். பார்க்கவில்லை. தோளை உயர்த்திக் காட்டினேன். அவன் மாட்டு விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். உடம்பையே அவன் பக்கம் திருப்பி, கையை முழங்கை வரை தூக்கி வைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் பேச்சை நிறுத்திவிட்டு என் கையைப் பார்த்தான். "கை இன்னா ஆச்சு மாமா? சைக்கிள் மிதிச்சதுல புடிச்சிக்கிச்சா?"

"ஆமாண்டா" என்றேன்.

"சொல்லக் கூடாதா? திரும்புங்க, நீவி விடறேன்" என்று பக்கத்தில் குந்தினான். மண் அப்பின அந்தப் பெரிய கையாலேயே, சரியாகப் பட்டை இருந்த இடத்தில் அழுத்தி அழுத்தி நீவினான். என் மனைவி தைத்த வெள்ளைப் பட்டை இரண்டும் செம்மண் நிறமாயின. அவனுக்கு அது பட்டை என்றே உறைக்கவில்லை. நான் அவனிடமிருந்து எதையோ பிடுங்கிக்கொண்டேன் என்று அவன் நினைத்திருந்தால், கொஞ்சமாவது முகம் வாடியிருந்தால், அந்தப் பட்டைக்கு ஒரு மதிப்பு வந்திருக்கும். அவனிடமிருந்து எதுவும் குறையவில்லை. பட்டை இருந்தபோது எப்படி இருந்தானோ அப்படியே இருந்தான். எதைக் கொடுத்தாலும் எதை எடுத்தாலும் இவன் இப்படியே இருப்பான், எனக்கு அது ஒருநாளும் வராது என்று அந்த வரப்பில் எனக்குத் தெரிந்துபோயிற்று. அன்றைக்கு வந்த மாதிரிப் பொறாமை எனக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

"இங்கயா மாமா வலிக்குது?" என்று கேட்டான்.

"இன்னும் கொஞ்சம் மேல" என்றேன்.